கணுக்காலில் பதினொன்று

அந்தக் கம்பெனியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் மில்லிமீட்டர்தான். வயதில் சின்னவர்கள் மட்டும் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்து மில்லிமீட்டரக்கா என்பார்கள். கால் வீங்கியவர்களுக்காக இறுக்கிப் பிடிக்கும் காலுறை பின்னுகிற கம்பெனி அது. பின்னி வருகிற ஒவ்வொன்றையும் அளந்து பார்த்து, தேறினதைப் பெட்டிக்கும் தேறாததைக் கூடைக்கும் அனுப்புவது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக அதே மேஜை. மேனேஜரே ஒரு லாட் காலுறையைத் தூக்கிக்கொண்டு வந்து, "கொஞ்சம் பாத்து விடுங்களேன்" என்று குழைந்திருக்கிறார். பார்ப்பாள், விட மாட்டாள்.

மேஜை மேல் முழங்காலுக்குக் கீழே உள்ள அளவில் ஒரு மரக்கால் நிற்கும். அதன் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் குமிழ் பதித்து, பக்கத்தில் இரண்டு முள் வைத்திருந்தார்கள். காலுறையை மாட்டினால் எந்த இடத்தில் எவ்வளவு இறுக்கம் என்று முள், ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல, மில்லிமீட்டரில் சொல்லிவிடும். கணுக்காலில் இருபத்திரண்டு, கெண்டைக்காலில் பதினைந்து, அதுதான் கணக்கு. கீழே இறுக்கம் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருந்தால்தான் காலில் தேங்கின ரத்தம் மேலே ஏறும். தலைகீழாக இருந்தால் பற்பசைக் குழாயை நடுவில் அமுக்கின கதைதான், பாதி அடியிலேயே தங்கிவிடும்.

அந்த மரக்காலுக்குப் பெண்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. உபசாரமும் அப்படித்தான். வேலை முடிந்ததும் மாப்பிள்ளையை மெத்தென்ற துணியால் துடைத்து, பஞ்சு வைத்த பெட்டியில் படுக்க வைக்க வேண்டும். நிற்க வைத்தே விட்டால் மரம் வளைந்துவிடுமாம். ஆனால் காலை எட்டு மணிக்கு மேஜைக்கு முன்னால் நின்ற மனுஷி மாலை ஆறு வரைக்கும் நிற்கலாம். அவள் வளைய மாட்டாள் என்று யார் சொன்னார்களோ! செக்கிங் பகுதியில் நாற்காலியே கிடையாது. உட்கார்ந்து பார்த்தால் கண் அசந்துவிடும் என்று எந்தக் காலத்திலோ ஒரு மேதாவி சொல்லிவிட்டுப் போனான், அது வேதவாக்காகிவிட்டது.

அவள் கால் முதலில் சாயந்தரம் வீங்கி, காலையில் வடிந்தது. பிறகு காலையிலும் வடியாமல் நின்றது. இரண்டு நாள் தங்க வந்த விருந்தாளி பெட்டியைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தால் எப்படியிருக்கும், அப்படி. இந்த வருஷம் வலது கணுக்காலுக்கு மேலே, உள்பக்கமாக, தோல் கறுத்துத் தடித்து அரிக்கத் தொடங்கியது. அவள் அப்போதும் களிம்பு தடவிக்கொண்டுதான் இருந்தாள். வீட்டோடு இருக்கும் நாத்தனார்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நாத்தனார் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரலுக்கு ஒரு அண்ணி எம்மாத்திரம்?

அங்கே இருந்த நர்ஸ் வளவளவென்று பேசுகிறவள் இல்லை. பாதத்தில் கருவியை வைத்து நாடி ஓடுகிற சத்தத்தைக் கேட்டாள். கறுத்த இடத்தை விரலால் அமுக்கினாள். குழி விழுந்தது, எழும்பவில்லை.

"கீழ வர்ற ரத்தம் நல்லா வருது. அதனால இறுக்கிப் போடலாம், பயமில்ல. மேல ஏறத்தான் மாட்டேங்குது. இந்தக் கறுப்பு இருக்கு பாருங்க, இங்க தோல் உடைஞ்சா புண்ணாயிடும். லேசுல ஆறாது. ஒரு வருஷம்கூட இழுக்கும். உடையறதுக்கு முன்னாடி பிடிச்சாகணும்."

"எதைப் பண்ணணும் சிஸ்டர்? சாக்ஸ் போட்டா போதும்ங்கறார் எங்க மேனேஜர். காலைத் தூக்கி வெச்சா போதும்ங்கறா இவ. எது சரி?"

நர்ஸ் முதல் தடவையாகச் சிரித்தாள். "மூச்சை உள்ள இழுக்கறதா வெளிய விடறதான்னு யாராவது கேப்பாங்களா? தூக்கி வெச்சா வீக்கம் இறங்கும். எழுந்து நின்னீங்கன்னா திரும்பி வந்துடும். வராம பிடிச்சு வெக்கத்தான் சாக்ஸ். காலைல தரையில கால் ஊனறதுக்கு முன்னாடியே மாட்டிடணும். அப்புறம் ஒரு நாளைக்கு மூணு தடவையாவது, இருபது இருபது நிமிஷம், கால் நெஞ்சைவிட உயரத்துல இருக்கணும். ஸ்டூல் மேல நீட்டறதெல்லாம் கணக்குல வராது. படுக்கணும்."

பிறகு நாற்காலியில் அவள் கழற்றிப் போட்டிருந்த காலுறையை எடுத்து இழுத்துப் பார்த்தாள். முகம் சுளித்தது.

"இதை யாருங்க குடுத்தது? உங்க முழங்காலுக்குக் கீழ பாருங்க, கயிறு கட்டின மாதிரி பள்ளம். மேல பிடிக்குது, கீழ தொளதொளன்னு கிடக்கு. இதைப் போடறதுக்குப் போடாமலே இருந்திருக்கலாம்."

மில்லிமீட்டர் கை நீட்டி அதை வாங்கினாள். காலுறையின் மேல்பட்டியைப் புரட்டினாள். உள்பக்கம் ஒரு சிவப்பு நூல் முடிச்சு. கழித்த பீஸுக்கு அவள் போடுகிற முடிச்சு. அவள் விரல் போட்டது.

நடந்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெண்கள் நாற்காலி கேட்டார்கள். நாற்காலிக்குப் பதிலாக மேனேஜர் ஆளுக்கு மூன்று ஜோடி காலுறையை இலவசமாகக் கொடுத்தார். கழித்த கூடையிலிருந்துதான், ஆனால் நிறம் மங்கினதை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார். இறுக்கம் தப்பினதும் நிறம் மங்கினதும் ஒரே கூடை, ஒரே முடிச்சு. காரணம் நோட்டில்தான் இருக்கும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஊரார் காலுக்கெல்லாம் பதினெட்டு வருஷம் பல்லைப் பிடித்துப் பார்த்தவள், தன் காலுக்கு வந்ததை மட்டும் பார்க்காமல் மாட்டிக்கொண்டாள். இரண்டு வருஷமாகத் தினமும், தன் கையால் கழித்ததைத் தன் கையாலேயே. அவளுக்கு வந்த அவமானத்துக்கு அளவே இல்லை. வீக்கத்தைப் பொறுத்துக்கொண்டவளால் இதைப் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, அந்தக் காலுறையை மாப்பிள்ளைக்கு மாட்டப் போனாள். பின்னாலிருந்து மேனேஜர் குரல் கேட்டது.

"அது கம்பெனி கருவிங்க. சொந்தச் சாமான் அளக்கறதுக்கு இல்ல."

மேனேஜர் எப்போதும் சிரித்த முகம். ஒருவரை வேலையை விட்டு நிறுத்தும்போதும் அதே சிரிப்புதான் இருக்கும். அவள் காலுறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள். எல்லோருக்கும் தேறின ஜோடி ஒன்று. படுத்துக் காலைத் தூக்கி வைக்க ஒரு இடமும் நாளைக்கு மூன்று இருபது நிமிஷமும்.

"நல்ல ஜோடி வேணா யோசிக்கலாம்" என்றார் மேனேஜர். "காலைத் தூக்கறது மட்டும் ஆகாது. சாக்ஸ் செய்யற கம்பெனிலயே காலைத் தூக்கிச் சுவத்துல வெச்சுக் கிடந்தா, வர்றவன் போறவன் என்ன நினைப்பான்? இவங்க சாக்ஸ் இவங்களுக்கே உதவலைன்னுதானே? ஓட்டல்காரன் கல்லாவுல உக்காந்து வயித்துவலி மாத்திரை முழுங்கின மாதிரி இருக்கும்."

"வயித்துவலி இருந்தா முழுங்கித்தானே ஆகணும் சார்?"

"உள்ள போய் முழுங்கட்டும்."

உள்ளே போய்த்தான் முழுங்கினாள். பேக்கிங் அறையின் மூலையில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்துப் படுத்து, இரண்டு காலையும் சுவரில் சாய்த்தாள். காலை டீ நேரத்தில் ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, மூன்றரை மணிக்கு ஒன்று. டீ நேரம் என்னவோ பத்து நிமிஷம்தான். அவள் இருபதும் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஒரு மெமோ வந்தது. அதை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தாள். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. தலையணை கொஞ்சம் உயர்ந்தது, அவ்வளவுதான். மற்ற பெண்கள் கதவோரம் நின்று பார்த்தார்கள், சிரித்தார்கள், படுக்க மட்டும் ஒருத்தியும் துணியவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மெமோ என்பது காகிதம்தான், ஆனால் வீட்டுக்கு வீடு அதற்கு எடை வேறு.

ஒரு வியாழக்கிழமை மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

"நாளைக்குப் பெரிய பார்ட்டி வர்றாங்க. நிறைய ஆஸ்பத்திரி வெச்சிருக்கறவங்க. நம்ம சாக்ஸைத்தான் எல்லா இடத்துக்கும் வாங்கறதாப் பேச்சு. இங்கேயே வருஷக்கணக்கா நின்னு வேலை பாக்கற ஆளுகிட்ட ரெண்டு வார்த்தை கேக்கணுமாம். நீங்கதான் பேசணும். பத்து மணி நேரம் நிக்கிறேன், கம்பெனி சாக்ஸ்தான் போடறேன், கால் வலின்னா என்னன்னே தெரியாது. இவ்வளவுதான். சொன்னீங்கன்னா ரெண்டு மெமோவையும் உங்க கண்ணு முன்னாடியே கிழிச்சுடறேன்."

"சொல்லலைன்னா?"

"மூணாவது மெமோ தேவைப்படாது" என்று மேனேஜர் சிரித்தார்.

அன்று சாயந்தரம் வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் கூடத்துத் தரையில் படுத்துச் சுவரில் காலைச் சாய்த்திருந்தார்கள். நின்று வீங்கினது இரண்டு கால், உட்கார்ந்து தொங்கப்போட்டு வீங்கினது இரண்டு கால். வேலைப் பையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்த மில்லிமீட்டரின் புருஷன், வாசலிலேயே நின்றுவிட்டான். லிஃப்ட் மெக்கானிக் அவன்.

"வீட்டுக்கு வந்தா முகம் பாக்கலாம்னு வந்தேன். நாலு பாதம்தான் தெரியுது. ஊரையே நாளெல்லாம் மேல ஏத்தி இறக்கறேன், உங்க ரெண்டு பேர் ரத்தத்தை ஏத்த முடியலையே!"

கறுத்த இடத்தைத் தினமும் பார்ப்பதுபோல அன்றும் குனிந்து பார்த்தான். தோல் இன்னும் உடையவில்லை. ஆனால் மெல்லிசாகி, வெங்காயச் சருகு மாதிரி மினுமினுத்தது. அவள் மேனேஜர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"ஒரு வரிதானே? சொல்லிட்டு வந்துடேன். கால் நம்ம வீட்டுக்குள்ள நம்ம சுவத்துல இருக்கட்டும். யாரு வேணாங்கறாங்க?"

"பொய் சொல்லி நாக்கு வீங்கினா எந்தச் சுவத்துல தூக்கி வெப்பாங்களாம்?" என்றாள் நாத்தனார், கூரையைப் பார்த்தபடி.

"நீ சும்மா இரு. உனக்கு எல்லாம் விளையாட்டு. வேலை போயிட்டா அண்ணி வயசுக்கு இன்னொரு இடம் யாரு குடுப்பா?"

அவன் சொன்னதும் நியாயம்தான். அவளுக்கு நாற்பத்தேழு. அந்த முள்ளைப் படிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

"ஒரு வரி இல்லைங்க அது" என்றாள் மில்லிமீட்டர். "என் வாயால கேட்டா அவங்க நம்புவாங்க. நம்பி வாங்குவாங்க. எங்கேயோ ஒருத்தி அதைப் போட்டுக்கிட்டு, இனிமே உக்காரவே வேணாம்னு பத்து மணி நேரம் நிப்பா. அவளுக்குத் தோல் உடையும். பதினெட்டு வருஷத்துல நான் கோணல் பீஸ் ஒண்ணைக்கூடப் பாஸ் பண்ணினதில்ல. இதை எப்படிப் பண்ணுவேன்?"

"அப்போ என்ன சொல்லப் போற?"

"தெரியல. வாயைத் திறந்தா வர்றதைச் சொல்றேன்."

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு பையை ஓரமாக வைத்துவிட்டு, அவள் காலைக் கணுவிலிருந்து மேலாக நீவிவிட ஆரம்பித்தான். அவனுக்குப் பயம் போகவில்லை. அவளுக்கும்தான்.

மறுநாள் மூன்று மணிக்கு வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு டாக்டரம்மா. செக்கிங் பகுதியைக் கழுவித் துடைத்து, அவர்களுக்காக மூன்று நாற்காலியும் துணி விரித்த ஒரு மேஜையும் போட்டிருந்தார்கள். பதினெட்டு வருஷத்தில் அந்த இடத்தில் அவள் பார்த்த முதல் நாற்காலி அதுதான். பின்னல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெண்கள் அவரவர் இடத்தில் நின்றார்கள், காது மட்டும் இங்கே இருந்தது.

"இவங்கதான் எங்க சீனியர்" என்று மேனேஜர் முன்னால் தள்ளினார். "சொல்லுங்கக்கா." பதினெட்டு வருஷத்தில் அவர் அக்கா என்றதும் அன்றைக்குத்தான்.

"பத்து மணி நேரம் நிக்கிறேன்" என்றாள் மில்லிமீட்டர்.

மேனேஜர் தலையாட்டினார்.

"கம்பெனி சாக்ஸ்தான் போடறேன்."

மேனேஜர் இன்னும் நன்றாகத் தலையாட்டினார்.

"கால் வலி உயிர் போகுது."

ஆடின தலை பாதியில் நின்றது. அவள் காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்து, யாரையும் கேட்காமல் உட்கார்ந்தாள். அன்று காலை பையிலிருந்து எடுத்து மறுபடி மாட்டியிருந்த வலது காலுறையை உருட்டிக் கழற்றினாள். எழுந்து ஒற்றைக் காலில் செருப்போடு மேஜைக்குப் போய் அதை மாப்பிள்ளைக்கு மாட்டி, சுருக்கம் நீவி, பட்டியை நேராக்கினாள். எந்தப் பீஸுக்கும் செய்கிற அதே ஒழுங்கோடு செய்தாள்.

"படிங்கம்மா" என்றாள் டாக்டரம்மாவிடம்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "கணுக்கால்ல பதினொண்ணு. கெண்டைக்கால்ல இருபத்துநாலு." நிமிர்ந்தார். "இது தலைகீழால்ல இருக்கு?"

"ஆமாம்மா. அதனாலதான் இதை நான் கழிச்சுப் போட்டேன். இதோ என் முடிச்சு. நோட்டுலயும் இருக்கும். கழிச்சதை வெளிய விக்கல, அது உண்மை. எங்க காலுக்குத்தான் குடுத்தாங்க, நாற்காலிக்குப் பதிலா. பாக்காம போட்டது என் தப்பு."

"அதெல்லாம் சின்னக் குறை..." என்று மேனேஜர் தொடங்கினார். சிரிப்பு அப்படியே இருந்தது, குரல்தான் பிசிறடித்தது. ஆண்களில் ஒருவர் அவரைக் கையமர்த்திவிட்டு அவளிடம் கேட்டார்.

"நல்ல சாக்ஸா இருந்தா நாளெல்லாம் நின்னாலும் பிரச்னை வராதுன்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னது? நல்ல சாக்ஸ் நல்லதுதான். பெட்டில போறது அத்தனையும் நல்ல சாக்ஸ். நான் பொறுப்பு, தைரியமா வாங்குங்க. ஆனா அதைக் காட்டி ஆளை நிக்க வெக்காதீங்க. சாக்ஸ் வீக்கத்தைப் பிடிச்சு வெக்கும், இறக்கி விடாது. இறங்கணும்னா காலைத் தூக்கணும். இதை வாங்கறவங்களுக்கு அதையும் சொல்லிக் குடுங்க. ரெண்டும் சேர்ந்தாத்தான் மருந்து. இப்போ மணி மூணரை. எனக்கு நேரமாச்சு."

சொல்லிவிட்டு அவள் பேக்கிங் அறைக்குப் போகவில்லை. விருந்தாளிகளின் மேஜை மேல் விரித்திருந்த துணியை உருவித் தரையில் போட்டாள். அதில் மல்லாந்து படுத்து, ஒரு கால் காலுறையோடும் ஒரு கால் வெறுமையாகவும் எதிர்ச் சுவரில் தூக்கி வைத்தாள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில் அந்தக் கறுத்த இடம் எல்லோருக்கும் தெரிந்தது. டாக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் அவள் தலைமாட்டில் குனிந்து, உதட்டை அசைக்காமல் பேசினார். "எழுந்திரிங்க. நாளையிலேர்ந்து வர வேணாம்."

"வரணுமா வேணாமான்னு எழுந்ததும் பேசிக்கலாம் சார். இன்னும் பத்தொன்பது நிமிஷம் இருக்கு."

ஓர் இயந்திரம் நின்றது. ஏழாம் நம்பர் இயந்திரத்துக்காரி, வாய்திறந்து பேசியே யாரும் கேட்காதவள், குனிந்து தன் காலுறைகளைக் கழற்றிக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவற்றை வைத்தாள்.

"மில்லிமீட்டரக்கா, என்னுதையும் பாத்துச் சொல்லுங்க."

இரண்டாவது இயந்திரமும் நின்றது. பிறகு எது எப்போது நின்றது என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் அவ்வளவு அமைதி ஒரு வேலைநாளில் வந்ததேயில்லை. ஒவ்வொருத்தியாகக் கழற்றினார்கள். சிலருக்குக் கழற்றவே வரவில்லை, பக்கத்தில் இருந்தவள் குதிகாலைப் பிடித்து இழுத்துவிட்டாள். கையில் காலுறையும் முழங்காலுக்குக் கீழே ஆளுக்கொரு பள்ளமுமாக இருபத்திரண்டு பேர் வரிசை கட்டி நின்றார்கள்.

"எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க!" என்றார் மேனேஜர். யாரும் அசையவில்லை. அவர் விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "நாம ஆபீஸ் ரூம்ல போய்ப் பேசலாமே?"

"இல்லைங்க, இங்கேயே இருக்கோம்" என்றார் டாக்டரம்மா, நாற்காலியில் உட்கார்ந்து. "அந்தம்மா எழுந்து வரட்டும். இதையெல்லாம் அளந்து காட்டட்டும். அதுக்கப்புறம் என்ன பேசணுமோ பேசுவோம்."

மில்லிமீட்டர் படுத்தபடியே கழுத்தைத் திருப்பி அந்த வரிசையைப் பார்த்தாள். அவள் அழுகிற ஆளில்லை, அதட்டுகிற ஆள்.

"என்னடி இது, இவ்வளவு சொல்லியும் நின்னுக்கிட்டே வரிசை போடறீங்க? சாக்ஸை மேஜைல வெச்சுட்டுப் படுங்க எல்லாரும். சுவத்துல இடம் இருக்கு."

படுத்தார்கள். நெருக்கியடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒருத்தி முழங்கை இன்னொருத்தி விலாவில் இடிக்க, நாற்பத்தாறு கால்கள் அந்தச் சுவரில் ஏறின. தரையெல்லாம் ஆளாகக் கிடந்ததில், மேனேஜருக்குத்தான் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று.